முதல் அரை நொடியை வடிவமைப்பிலிருந்து நீக்காதீர்கள்

அணுக்கரு இணைவுச் சாதனங்களின் வடிவமைப்பை முடிவு செய்யும் திட்டக் குழுவினருக்கு,

பிளாஸ்மா தொடக்கத்துக்கான, அதாவது குளிர்ந்த வாயுவை அயனியாக்கி மின்னோட்டம் ஓடும் சூடான பிளாஸ்மாவாக மாற்றும் கட்டத்துக்கான, கணினி சிமுலேஷனை வடிவமைப்புப் பணிகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, சாதனம் கட்டி முடிந்தபின் வரும் இயக்கச் சோதனைக் கட்டத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள். முழு மின்னோட்டத்தில் பிளாஸ்மா எப்படி நடந்துகொள்ளும் என்பதே முக்கியம், தொடங்கி வைப்பதை இயக்குபவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது நீங்கள் தந்த விளக்கம். இந்தக் கணக்குகளை அன்றாடம் போடுகிற எங்களால் இந்த முடிவை ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை எண்களோடு இங்கே வைக்கிறோம்.

இப்போது உங்கள் மேசைக்கு வரும் சிமுலேஷன்களின் உள்ளீட்டுக் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். சில நூறு கிலோ ஆம்பியர் மின்னோட்டத்தோடு, சில நூறு எலக்ட்ரான் வோல்ட் (பிளாஸ்மாவின் வெப்பநிலையை நாங்கள் சொல்லும் அலகு) வெப்பத்தோடு, சுவரைத் தொடாமல் அதைப் பிடித்து வைக்கும் மூடிய காந்தப் பரப்புகளோடு ஒரு பிளாஸ்மா அங்கே தயாராக நிற்கும். அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று அந்தக் கோப்பில் எங்கும் இருக்காது. குளிர்ந்த வாயுவிலிருந்து அந்த முதல் வரி வரைக்குமான அரை நொடியைத்தான் நீங்கள் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்த அரை நொடி தோற்றால் மீதிக் கோப்புக்கு வேலையே இல்லை.

முதல் கட்டமான பிரேக்டவுனை, அதாவது எலக்ட்ரான்கள் பெருகி வாயு அயனியாகத் தொடங்குவதை, எடுத்துக்கொள்வோம். பழைய செப்புச் சுருள் டோகமாக்குகளில் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடக்கும் வளைய வடிவ இணைவுச் சாதனங்களில்) மீட்டருக்கு 1 வோல்ட், அதற்கு மேலும்கூட, மின்புலம் கொடுக்க முடிந்தது. மீக்கடத்திச் சுருளும் தடித்த வெற்றிடக் கலனும் கொண்ட சாதனத்தில் அந்தச் சலுகை கிடையாது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் பன்னாட்டு டோகமாக்கான ஈட்டரில் மீட்டருக்கு 0.3 வோல்ட்தான் கிடைக்கும். அதன் பெரிய ஆரம் (வளையத்தின் மையத்திலிருந்து பிளாஸ்மாவின் நடுப்பகுதி வரை) 6.2 மீட்டர், ஒரு சுற்று ஏறத்தாழ 39 மீட்டர், ஆக ஒரு சுற்றுக்கு 12 வோல்ட். கையில் தூக்கிச் செல்லும் பேட்டரி அளவு மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டு ஓர் அறை நிறைய வாயுவை அயனியாக்க வேண்டும்.

கலனில் 1 மில்லிபாஸ்கல் அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று வைப்போம். டவுன்செண்ட் வாய்பாட்டில் இந்த எண்களைப் போட்டால், ஓர் எலக்ட்ரான் காந்தப்புலக் கோட்டோடு சுமார் 360 மீட்டர் ஓடினால்தான் புதிதாக ஓர் எலக்ட்ரானை உண்டாக்கும். அதற்குள் அது சுவரில் போய் முட்டிவிட்டால் பெருக்கம் நின்றுபோகும். ஆகவே, புலக் கோடு சுவரைத் தொடுவதற்கு முன் எத்தனை மீட்டர் சுற்றி வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை இணைப்பு நீளம் என்கிறோம்.

இணைப்பு நீளம் 2,000 மீட்டர் என்றால் எலக்ட்ரான் தொகை 0.25 மில்லிநொடிக்கு ஒருமுறை 2.7 மடங்காகும். அப்படி 41 முறை பெருகினால் பிரேக்டவுன் முடிந்தது. மொத்தம் 10 மில்லிநொடி. நீளம் 500 மீட்டராகக் குறைந்தால் 30 மில்லிநொடி பிடிக்கும். 400 மீட்டரானால் 80. 350 மீட்டரானால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நடக்காது.

இந்த நீளத்தை முடிவு செய்வது பிசிறுப் புலம், அதாவது வளையத்துக்குக் குறுக்காக எஞ்சி நிற்கும் காந்தப்புலம். வளையப் புலம் 5.3 டெஸ்லா, பிளாஸ்மா பகுதியின் சிறிய ஆரம் (குறுக்குவெட்டின் ஆரம்) 1.6 மீட்டர் என்று கொண்டால், 1 மில்லிடெஸ்லா பிசிறுப் புலத்துக்கு நீளம் 2,100 மீட்டர். 4 மில்லிடெஸ்லாவுக்கு 530 மீட்டர். 6 மில்லிடெஸ்லாவுக்கு 350. ஆக, 10 மில்லிநொடியில் பிளாஸ்மா வருவதற்கும் அது வராமலே போவதற்கும் நடுவில் இருப்பது 5 மில்லிடெஸ்லா. 5,300 மில்லிடெஸ்லா புலத்தின் உள்ளே இந்த 5 மில்லிடெஸ்லாவைத் தேடிப் பிடித்து ஒழிப்பதுதான் எங்கள் வேலை.

அந்தப் பிசிறுப் புலம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் குழு கவனிக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். வளையத்தின் நடுவே நிற்கும் மைய வரிச்சுருளில் மின்னோட்டத்தை விரைந்து குறைக்கும்போது பிளாஸ்மா பகுதியில் எழும் அதே மின்புலம் கலனின் எஃகிலும் எழுகிறது. ஈட்டர் அளவுச் சாதனத்தில் கலனில் மட்டும் மெகா ஆம்பியர் அளவுக்குச் சுழல் மின்னோட்டம் ஓடும். 1 மெகா ஆம்பியர் ஒரே கம்பியில் ஓடுவதாகக் கொண்டால் 3 மீட்டர் தள்ளி அது உண்டாக்கும் புலம் 67 மில்லிடெஸ்லா. கலன் முழுக்கப் பரவி ஓடுவதால் உள்ளே பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஈடாகாமல் மிஞ்சுவதைப் புறச் சுருள்களின் மின்னோட்டத்தால் நாம் துடைத்தெடுக்க வேண்டும். சுழல் மின்னோட்டம் நிலையாகவும் நிற்காது. ஏறும், பரவும், தேயும். எனவே அந்தத் துடைப்பும் மில்லிநொடிக்கு மில்லிநொடி மாற வேண்டும்.

எங்கள் கோப்பில் கலன் நூற்றுக்கணக்கான வளையங்களாக இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு மின்தடை, மற்ற எல்லா வளையங்களோடும் சுருள்களோடும் ஒரு பரிமாற்று மின்தூண்டல். பிழை நுழைகிற இடங்கள் எங்களுக்கு மனப்பாடம். வரைபடத்தில் 60 மில்லிமீட்டர் என்றிருக்கும் தகடு பட்டறையிலிருந்து சற்று வேறு தடிமனில் வரும். பற்றவைப்பு மூட்டின் மின்தடை தகட்டின் மின்தடையாக இருக்காது. துருப்பிடிக்காத எஃகின் மின்தடைத்திறன் 100 டிகிரி வெப்பம் ஏறினால் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். கலனைச் சூடாக்கி வைத்த நாளுக்கும் குளிர்ந்த நாளுக்கும் சுழல் மின்னோட்டம் வேறு வேறு. பக்கவாட்டுத் திறப்புகளைச் சுற்றி மின்னோட்டம் வளைந்து போகும். அச்சுச் சமச்சீர் என்று எழுதிய மாதிரிக்கு அது தெரியாது. ஒரு வளையத்தின் மின்தடையில் இரண்டு மூன்று சதவீதம் பிசகினால்கூட மேலே சொன்ன 5 மில்லிடெஸ்லாவில் ஒரு பங்கு போய்விடும்.

பொருள் தேர்வும் இதில் அடக்கம். கொரியாவின் கேஸ்டார் சாதனத்தில் மீக்கடத்திக் கம்பிகளின் உறைக்கு இன்கோலாய் 908 என்ற உலோகக் கலவை பயன்பட்டது. மீக்கடத்திக் கம்பிக்கு அது பொருத்தமான கலவை. ஆனால் அதற்குக் காந்தத் தன்மை உண்டு. தொடக்கத்துக்கு வேண்டிய சுழிப்புலப் பகுதியை, அதாவது பிசிறுப் புலம் ஏறத்தாழச் சுழியாக இருக்கும் பகுதியை, அது குலைத்தது. அந்தக் காந்தத் தன்மையின் நேரிலா விளைவையும் கணக்கில் சேர்த்த பிறகே சரியான சுழிப்புலம் கிடைத்தது. கம்பியின் உறையைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் பிளாஸ்மா தொடக்கம் பேசப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களிடம் இல்லை.

இப்போது உங்கள் முடிவுக்கு வருவோம். கலனின் தடிமன், திறப்புகளின் இடம், புறச் சுருள்களின் இடம், மைய வரிச்சுருளின் சுற்றில் மின்னழுத்தத்தை எழுப்பும் மின்தடைப் பெட்டிகளின் ஓம் மதிப்பு, மின்வழங்கி எவ்வளவு விரைவாக மின்னோட்டத்தை மாற்றும் என்ற வரம்பு: இவை ஒவ்வொன்றும் வடிவமைப்புக் கட்டத்தில் முடிவாகி உறைந்துபோகிறவை. இயக்கச் சோதனைக் கட்டத்தில் எங்களை அழைத்தால், எங்களால் மாற்றக்கூடியவை மூன்றே மூன்று: வாயு அழுத்தம், சுருள்களின் மின்னோட்ட வடிவம், மைக்ரோஅலைத் திறன். வீட்டைக் கட்டி முடித்தபின் வாசலைத் தேடச் சொல்கிறீர்கள்.

பிரேக்டவுன் வெறும் தொடக்கம். அதற்கு அடுத்த கட்டத்தைப் பர்ன்-த்ரூ என்கிறோம். வாயு முழுவதும் அயனியாகி, மாசு அணுக்கள் கதிர்வீச்சாக ஆற்றலை உறிஞ்சிக் கொட்டும் வெப்பநிலைத் தடைகளைத் தாண்டுவதுதான் அது. குறைந்த மின்புலத்தில் ஷாட்கள் (சாதனத்தை ஒவ்வொரு முறை இயக்கிப் பார்ப்பதும் ஒரு ஷாட்) பெரும்பாலும் தோற்பது இங்கேதான். உங்கள் மதிப்பாய்வு ஆவணத்தில் இந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

12 வோல்ட்டில் 100 கிலோ ஆம்பியர் ஓடினால் கிடைக்கும் வெப்பத் திறன் 1.2 மெகாவாட். அதிலிருந்துதான் அயனியாக்கத்துக்கும், ஹைட்ரஜன் கதிர்வீச்சுக்கும், கார்பன், ஆக்சிஜன் மாசுகளின் கதிர்வீச்சுக்கும், சுவருக்குப் போகும் வெப்பத்துக்கும் ஆற்றல் கொடுத்தாக வேண்டும். கார்பன் 10 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியும் ஆக்சிஜன் அதற்குச் சற்று மேலேயும் மிகுதியாகக் கதிர்வீசும். அந்த மேட்டில் ஏறமுடியாமல் நின்றால் வெப்பநிலை ஏறாது; வெப்பநிலை ஏறாவிட்டால் மின்தடை குறையாது; மின்தடை குறையாவிட்டால் மின்னோட்டம் ஏறாது. மின்னோட்டம் சில பத்து கிலோ ஆம்பியரில் தயங்கி நின்று பிறகு சரிந்து விழும். திரையில் அந்தக் கோட்டைப் பார்த்த எவரும் அதை மறக்கமாட்டார்கள்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1 மில்லிபாஸ்கலில் அறை வெப்பநிலையில் ஒரு கன மீட்டருக்கு 2.4 × 10¹⁷ மூலக்கூறுகள், அதாவது 4.8 × 10¹⁷ அணுக்கள். இது மிகக் குறைவு, எளிதில் அயனியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் ஈட்டர் கலனின் உட்கொள்ளளவு 1,400 கன மீட்டர். தொடக்க நேரப் பிளாஸ்மாவின் ஆரங்கள் 5.7 மீட்டரும் 1.6 மீட்டரும் என்றால் அதன் கன அளவு 290 கன மீட்டர்தான். வெளியே நிற்கும் வாயு எங்கும் போகவில்லை. பிளாஸ்மா அயனியாக்கித் தின்னத் தின்ன அது உள்ளே வந்துகொண்டே இருக்கும். எல்லாம் உள்ளே வந்தால் அடர்த்தி 2.3 × 10¹⁸. முதலில் போட்ட கணக்கைப் போல ஐந்து மடங்கு. கதிர்வீச்சு இழப்பு எலக்ட்ரான் அடர்த்தியும் மாசு அடர்த்தியும் பெருகி வருவது. இரண்டும் ஐந்து மடங்கானால் இழப்பு இருபத்தைந்து மடங்கு. கலன் கொள்ளளவு என்ற ஒரே ஓர் எண்ணை உள்ளீட்டில் விட்டுவிட்ட சிமுலேஷன், தோற்கப்போகிற ஷாட்டை வெற்றி என்று காட்டும். கலனுக்குப் பின்னால் திறப்புகளிலும் தடுப்புகளுக்குப் பின்னும் ஒளிந்திருக்கும் கொள்ளளவைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

சுவர் எதனால் ஆனது என்பதும் இதே கட்டத்தில்தான் தன் வேலையைக் காட்டும். பிரிட்டனில் இயங்கிய ஐரோப்பிய டோகமாக்கான ஜெட் சாதனத்தில் கார்பன் சுவரை எடுத்துவிட்டு 2011-இல் பெரிலியமும் டங்ஸ்டனும் கொண்ட சுவரில் இயக்கத் தொடங்கினார்கள். கார்பன் காலத்தில் பர்ன்-த்ரூவில் தோற்ற ஷாட்கள் வழக்கமாக இருந்தன. புதிய சுவரில் அந்தத் தோல்வி ஏறத்தாழ மறைந்தே போனது. பெரிலியம் குறைந்த வெப்பநிலையிலேயே தன் கதிர்வீச்சுத் தடையைக் கடந்துவிடும். ஆக்சிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நல்ல அனுபவத்தை நம்பியே ஈட்டரின் தொடக்கத்தைப் பற்றிப் பலர் நிம்மதியாக இருந்தார்கள். இப்போது ஈட்டர் தன் முதல் சுவரைப் பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்றிவிட்டது. ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தப் போரான் பூச்சு முறையையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். டங்ஸ்டன் ஆக்சிஜனைப் பிடிக்காது. போரான் பூச்சு நாள்பட நாள்பட வலுவிழக்கும். பூசிய மறுநாள் தொடங்கும் பிளாஸ்மா பல வாரம் கழித்து அதே அமைப்பில் தொடங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சுவர்ப் பொருளை மாற்றும் காலத்தில் தொடக்கக் கணக்கைக் கைவிடுவது எந்த வகையில் நியாயம் என்று குழுவைக் கேட்கிறோம்.

அழுத்தத்தைக் குறைத்தால் பர்ன்-த்ரூ எளிதாகுமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கக்கூடும். ஆகும். ஆனால் அப்போது எதிர்ப்பக்கத்துக் குழியில் விழுவோம். எலக்ட்ரான்கள் மோதலின் பிடியிலிருந்து நழுவிக் கட்டுமீறி ஓடத் தொடங்கும். அடர்த்தி 10¹⁸, வெப்பநிலை 5 எலக்ட்ரான் வோல்ட் என்றால் ட்ரைசர் புலம் (எலக்ட்ரான்கள் மொத்தமாகவே மோதலை மீறி ஓடத் தொடங்கும் மின்புல அளவு) மீட்டருக்குச் சுமார் 80 வோல்ட். நாம் கொடுக்கும் 0.3 வோல்ட் அதில் அரைச் சதவீதம்கூட இல்லை. பயமில்லை. அதே அடர்த்தியில் வெப்பநிலை 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறியதும் ட்ரைசர் புலம் 4 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், நம் 0.3 வோல்ட் இப்போது ஏழு சதவீதத்துக்கு மேல். இந்த அளவில் கட்டுமீறிய எலக்ட்ரான்கள் விரைந்து சேரும். கொடுமை என்னவென்றால் அளவீட்டில் முதலில் எல்லாம் நன்றாகவே தெரியும். மின்னோட்டம் அழகாக ஏறும். ஆனால் அதைச் சுமப்பது ஒளிவேகத்தை ஒட்டி ஓடும் ஒரு கற்றை. வெப்பப் பிளாஸ்மா சூடாவதில்லை. பின்னால் அந்தக் கற்றை சுவரின் ஒரு சிறு இடத்தில் முழு ஆற்றலோடும் போய் இறங்கும்.

ஆக, அழுத்தம் கூடினால் பர்ன்-த்ரூவில் சாகும். குறைந்தால் கட்டுமீறிய எலக்ட்ரான்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலின் அகலம் சாதனத்தின் வடிவமைப்பைப் பொறுத்தது. சில வடிவமைப்புகளில் ஜன்னலே இருக்காது. அதைக் கட்டுவதற்கு முன்பே சொல்ல முடியும்.

மைக்ரோஅலையைப் பற்றியும் ஒரு சொல். மைக்ரோஅலையால் எலக்ட்ரான்களைச் சூடாக்கும் எலக்ட்ரான் சைக்ளோட்ரான் சூடேற்றம் தொடக்கத்துக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பது 1991-இல் அமெரிக்காவின் டிஐஐஐ-டி சாதனத்திலிருந்தே தெரிந்த செய்தி. அது இல்லாமல் மீட்டருக்கு 0.25 வோல்ட் வரை இறங்க முடிந்தது, அதன் துணையோடு 0.15 வோல்ட்டிலேயே தொடங்க முடிந்தது. கேஸ்டாரும் 2008-இல் தன் முதல் பிளாஸ்மாவை 84 கிகாஹெர்ட்ஸ் அலையின் துணையோடுதான் கண்டது. எனவே 'மைக்ரோஅலை இருக்கிறதே, பிறகென்ன' என்ற பதில் எங்களுக்கு அடிக்கடி வருகிறது. அது பாதி உண்மை. சில எலக்ட்ரான் வோல்ட் வெப்பத்தில், அந்த அடர்த்தியில், ஒரு கடப்பில் அலை உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. மீதி எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்துக் கலனுக்குள் அலையும். அளவீட்டுக் கருவிகளின் கண்ணாடிச் சாளரங்களையும் கம்பிகளையும் சுடும். எத்தனை மெகாவாட்டை எத்தனை மில்லிநொடி செலுத்தலாம் என்ற வரம்பு அங்கிருந்து வருகிறது. உறிஞ்சலை ஒரு நிலையான சதவீதமாக எழுதிவிட்ட சிமுலேஷனில் இந்த வரம்பு தென்படவே படாது.

எங்கள் கருவிகளின் குறையையும் மறைக்கப் போவதில்லை. டவுன்செண்ட் வாய்பாட்டின் எண்கள் மின்முனைகளுக்கு நடுவே வாயுவில் அளந்தெடுத்தவை. 0.3 வோல்ட்டுக்கு 1 மில்லிபாஸ்கல் என்பது அந்த அளவீடுகளின் எல்லைக்குள் இருக்கிறது. அழுத்தத்தைப் பாதியாக்கினால் எல்லைக்கு வெளியே போய்விடுகிறோம். அதைவிடப் பெரிய சிக்கல், 2018-இல் வெளியான துகள் சிமுலேஷன் ஆய்வு காட்டியது: எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து உண்டாக்கும் மின்புலம் வெளியிலிருந்து கொடுத்த மின்புலத்தையே எதிர்த்து நிற்கிறது, பெருக்கம் வாய்பாடு சொல்வதைவிட மெதுவாகிறது, கேஸ்டார் அளவீடுகளோடு அது ஒத்துப்போனது. பர்ன்-த்ரூவுக்கு டையான், சென்பிளின்ட், பிகேடி0 போன்ற நிரல்கள் இருக்கின்றன. கட்டுமீறிய எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கணக்கிட ஸ்ட்ரீம் இருக்கிறது. இவை எல்லாம் பிளாஸ்மாவை ஒரே ஒரு சராசரிப் பெட்டியாகவே பார்க்கின்றன. சுவரிலிருந்து எத்தனை அணு திரும்பி வருகிறது என்ற மறுசுழற்சிக் குணகம் பெரும்பாலும் நடந்து முடிந்த ஷாட்டுக்குப் பொருத்திப் பார்த்து எடுத்த எண்தான். இன்னும் கட்டாத சாதனத்துக்கு அந்த எண்ணை யாரும் அறியமாட்டார்கள்.

இந்தக் குறைகளைக் காட்டி 'அப்படியென்றால் இந்தச் சிமுலேஷனை நம்பி என்ன பயன்' என்று ஒதுக்குவது முறையாகாது. தெரியாத எண்ணை ஒரே மதிப்பாக வைத்து ஒரே ஓட்டம் ஓட்டினால் பயனில்லைதான். அழுத்தம், பிசிறுப் புலம், ஆக்சிஜன் அளவு, மறுசுழற்சி, மைக்ரோஅலை உறிஞ்சல் ஆகிய ஐந்தையும் அவற்றின் வரம்புக்குள் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கில் ஓட்டினால் ஜன்னல் எவ்வளவு அகலம், எந்த எண் அதை மூடுகிறது என்று தெரிந்துவிடும். பெட்டி மாதிரியின் ஓர் ஓட்டம் சாதாரண மேசைக் கணினியில் சில நிமிடங்களில் முடிகிறது. முழு மின்னோட்டப் பிளாஸ்மாவின் கொந்தளிப்புக் கணக்குக்கு நீங்கள் ஒதுக்கும் கணினி நேரத்தோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது. செலவு காரணமாக நீக்கினோம் என்று சொல்ல இங்கே இடமில்லை.

அதோடு, நாங்கள் எங்கள் நிரல்களைச் சரிபார்க்க வேண்டிய தரவு உங்கள் கையில்தான் இருக்கிறது, அது வீணாகிறது. வெற்றி பெற்ற ஷாட்டிலிருந்து எங்களுக்குத் தெரிவது கொஞ்சம். எல்லை எங்கே என்று காட்டுவது தோற்ற ஷாட். ஆனால் தோற்ற ஷாட்டின் கோப்பைத் திறந்தால் கிடைப்பது இதுதான்: சுருள் மின்னோட்டங்கள் இருக்கும். நிறமாலைக் கருவி பிளாஸ்மா மின்னோட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பதிவைத் தொடங்கும்படி வைத்திருப்பார்கள். ஆகவே அது காலி. அழுத்தமானி நீண்ட குழாயின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும். கலனில் நடப்பதை அது தாமதமாகச் சொல்லும், ஆகவே பிரேக்டவுன் கணத்தில் கலனுக்குள் இருந்த உண்மையான அழுத்தம் தெரியாது. காந்த உணரிகள் மெகா ஆம்பியரை அளக்க அளவிடப்பட்டவை. 10 கிலோ ஆம்பியரில் இரைச்சலுக்குள் முழுகிவிடும். கடைசியில் குறிப்பேட்டில் 'பிரேக்டவுன் இல்லை' என்று இரண்டு சொல். பெருக்கமே நடக்கவில்லையா, பெருக்கம் நடந்து பர்ன்-த்ரூவில் விழுந்ததா என்பதுகூட அதில் இராது. இவை இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வேறு. முதலாவதற்குப் பிசிறுப் புலத்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதற்கு வாயுவையும் சுவரையும் பார்க்க வேண்டும். வித்தியாசம் தெரியாமல் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் ஒரு நாள் முழுவதும் ஷாட்களைச் செலவழிப்பது பல இடங்களில் நடக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பவை:

தொடக்க சிமுலேஷனைத் தள்ளிவைத்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். கலனின் தடிமனும் திறப்புகளும் சுருள்களின் இடமும் உறைவதற்கு முன்பே, பிரேக்டவுன், பர்ன்-த்ரூ, கட்டுமீறிய எலக்ட்ரான் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஜன்னல் வரைபடம் மதிப்பாய்வில் வைக்கப்பட வேண்டும். ஒரே ஓட்டத்தின் ஒரே கோட்டை யாராவது கொண்டுவந்தால் அதை ஏற்காதீர்கள். தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு நிரல்களாவது ஒரே உள்ளீட்டில் ஓட்டப்பட்டு, வேறுபடும் இடங்கள் எழுத்தில் விளக்கப்பட வேண்டும்.

கலனும் சுருள்களும் கட்டி முடிந்ததும் உண்மையில் அளந்த மின்தடைகளை எங்களுக்குத் தாருங்கள். வரைபட மதிப்பு போதாது. வாயு இல்லாமல் சுருள்களை மட்டும் இயக்கும் வெற்று ஷாட்களுக்கு இயக்கச் சோதனையில் நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சுருளையும் தனியாக இயக்கி, கலன் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, சூடாக இருக்கும்போது ஒருமுறை அளந்தால் சுழல் மின்னோட்ட மாதிரியின் பெரும்பாலான பிழைகள் அங்கேயே பிடிபடும். முதல் பிளாஸ்மா தேதியை எட்டுவதற்காக முதலில் வெட்டப்படுவது இந்த நாட்கள்தான். அவற்றை யாரும் தொடக்கூடாது என்று எழுத்தில் வையுங்கள்.

கலனின் சுவரை ஒட்டி விரைவாகப் பதில் தரும் ஓர் அழுத்தமானி, குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனியாக அளவிட்ட காந்த உணரிகள், ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் கோடுகளை மின்னழுத்தம் எழும்பும் கணத்திலிருந்தே பதிவு செய்யும் நிறமாலைக் கருவி ஆகியவற்றை அடிப்படைக் கருவிப் பட்டியலில் சேருங்கள். தோற்ற ஷாட்கள் அனைத்தின் மூலத் தரவும் காக்கப்பட வேண்டும்; எந்தக் கட்டத்தில் தோற்றது என்ற குறிப்போடு அது எல்லா ஆய்வாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். இயக்கத்தை நிறுத்திவிட்ட சாதனங்களின் தோற்ற ஷாட்களுக்கும் இதே கோரிக்கை. ஜெட் 2023 டிசம்பரில் ஓய்ந்துவிட்டது. இரண்டு வகைச் சுவர்களில் ஒரே கலன் எப்படித் தொடங்கியது என்று காட்டும் தரவு அங்கே இருக்கிறது.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அடுத்த வடிவமைப்பு மதிப்பாய்வுக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் இங்கே போட்ட கணக்குகளில் பிழை கண்டால் அதையும் எழுதுங்கள். எங்கள் உள்ளீட்டுக் கோப்புகளை உங்கள் வல்லுநர்களிடம் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பிளாஸ்மா தொடக்கக் கணக்கீட்டில் பணிபுரிவோர்